கொளஞ்சியப்பன் பார்க்காமல் விட்ட ஒயர்

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் என் பேட்டரிக் கடையும் கொளஞ்சியப்பனின் கார் செட்டுக் கடையும் ஒரே தகரக் கூரைக்குக் கீழே இருந்தன. நடுவில் ஒரு செங்கல் சுவர். அதுவும் கூரை வரைக்கும் எட்டாது. அவர் கடையில் போட்டுப் பார்க்கிற பாட்டெல்லாம் என் கடையில் கேட்கும். பதினோரு வருஷம் அப்படி இருந்தோம். அவர் என்னைப் பாய் என்பார். என்னைவிட நாலு வயது இளையவர் என்பதால் நான் கொளஞ்சி என்றே கூப்பிடுவேன்.

அவர் முதலில் செராமிக் எஸ்டேட்டில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். சூளைக்குக் காற்றடிக்கிற மோட்டார்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. கல்யாணமாகி ஆறாவது மாதம் அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள். அவர் மனைவி இளமதி பக்கத்து யூனிட்டில் அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளுக்கு ஓரம் தேய்த்துக்கொண்டிருந்தது. ஒரு வருஷம் அந்தப் பெண்ணின் வாரக் கூலியில்தான் அடுப்பு எரிந்தது. அந்த வருஷத்தில் ஒரு டாக்சியில் பாட்டு விட்டுவிட்டு வருகிறது என்று யாரோ அவரைக் கூப்பிட்டுக் காட்ட, அதைச் சரிசெய்து கொடுத்தார். பிறகு இன்னொருவர் வந்தார். அப்படியே அது தொழிலாகிவிட்டது.

புதுசாகச் செட்டு மாட்டிக்கொடுக்க ஊரில் வேறு ஆட்களும் இருந்தார்கள். கோளாறு கண்டுபிடிக்கத்தான் கொளஞ்சியப்பனிடம் வருவார்கள். தொழுதூரிலிருந்து ஒரு கார் வந்தது ஞாபகம் இருக்கிறது. பிரேக்கை மிதித்தால் பாட்டு நிற்கும், காலை எடுத்தால் வரும். மூன்று கடைகளில் பார்த்து, செட்டையே மாற்றியும் போகவில்லை. கொளஞ்சியப்பன் எதையும் கழற்றவில்லை. ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு கேட்டார்.

"பகல்லயும் நிக்குதா, லைட்டு போட்டா மட்டும் நிக்குதா?"

"எப்பவும் நிக்குதுங்க."

"லைட்டு போட்டுக்கிட்டு மிதிச்சா?"

கார்க்காரர் யோசித்துவிட்டு, "ஆமாங்க, அப்ப ரொம்ப நேரம் நின்னுடுது" என்றார்.

கொளஞ்சியப்பன் எழுந்து டிக்கியைத் திறந்தார். பின்விளக்கின் எர்த் ஒயரையும், பாட்டுச் சத்தத்தைக் கூட்டிக்கொடுக்கிற ஆம்ப்பின் எர்த் ஒயரையும் ஒரே போல்ட்டில் கட்டியிருந்தார்கள், அந்தப் போல்ட்டில் துரு. சுரண்டி, ஆம்ப்பின் எர்த்தை வேறு இடத்தில் தனியாகக் கட்டினார். பத்து நிமிஷ வேலை. இன்ஜினை ரேஸ் பண்ணப் பண்ணக் கொசு கத்துவது மாதிரி ஸ்பீக்கரில் சத்தம் வருகிற வண்டிகளைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டே, எந்த ஒயர் எந்த ஒயருக்குப் பக்கத்தில் ஓடுகிறது என்று சொல்லிவிடுவார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. வெளியில் காட்டிக்கொள்ள மாட்டார். அன்றைக்கு மட்டும் டீயை இரண்டு முறை வரவழைப்பார்.

ராஜாங்கம் என்ற வேன்காரர் நல்லூருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரிலிருந்து வருவார். கொஞ்சம் நிலமும், பழைய ஆம்னி வேன் ஒன்றும் அவருக்கு இருந்தன. கல்யாணம், காதுகுத்து, ஸ்ரீமுஷ்ணம் கோயில் என்று வாடகைக்கு ஓட்டுவார். கல்யாணப் பார்ட்டிகள் பாட்டு இல்லாத வேனில் ஏறுவதில்லை என்று, பின்சீட்டுக்கு அடியில் ஆம்ப் வைத்து நல்ல செட்டாக மாட்டிக்கொண்டிருந்தார். மாட்டியவர் கொளஞ்சியப்பன்தான்.

இரண்டாயிரத்து ஐந்து ஆவணியில் ராஜாங்கம் வேனை என் கடை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். தலை மொட்டை அடித்து மயிர் கொஞ்சம் முளைத்திருந்தது. திருப்பதியா என்று கேட்க வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

"பேட்டரி நிக்க மாட்டேங்குது பாய். ரெண்டு நாள் ஓட்டாம வுட்டா செத்துப்போவுது. புதுசு ஒண்ணு குடுத்துடுங்க" என்றார்.

நான் பேட்டரியைக் கழற்றி சார்ஜ் ஏற்றி, ஒரு நாள் பெஞ்சில் வைத்துப் பார்த்தேன். சொட்டு இறங்கவில்லை. மறுநாள் அவர் வந்ததும், "பேட்டரி நல்லாத்தான் இருக்குது. வண்டியில எங்கயோ கரண்டு குடிக்குது. கொளஞ்சி பாக்கட்டும்" என்று சொல்லி வேனைப் பக்கத்தில் தள்ளினேன்.

கொளஞ்சியப்பன் வேலையை ஆரம்பித்தார். ராஜாங்கம் என் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். டீ வந்தது. அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவராகச் சொன்னார்.

"ஆடியில எங்க வூட்டுல போயிட்டாங்க பாய்."

அவர் மனைவி பெயர் தங்கம்மாள். ஒருநாள் விடியற்காலை வெந்நீர் போட, வீட்டுப் பின்னால் விறகுக்காக அடுக்கியிருந்த காய்ந்த பருத்திமாரில் ஒரு கட்டு உருவியிருக்கிறார். உள்ளே நல்லபாம்பு. கையில் கொத்திவிட்டது. ராஜாங்கம் மனைவியைத் தூக்கிவந்து வேனில் படுக்கவைத்துச் சாவியைத் திருப்பியிருக்கிறார்.

"டிக்குன்னு ஒரு சத்தம் வரணும்ல பாய். அதுகூட வரலை. ரெண்டு நாளாத்தான் வண்டி எடுக்கல. ஆடி மாசம், ஏது வாடகை. ஊரே வந்து தள்ளுச்சு. பேட்டரி மொத்தமா செத்திருந்தா தள்ளி என்ன ஆவும். மேட்டுல ஏத்தி ஏத்தி வுட்டோம். அதுக்குள்ள அவளுக்கு கண்ணு சொருவிடுச்சு."

அப்போது 108 எல்லாம் வரவில்லை. முக்கால் மணி நேரம் கழித்துப் பால் வண்டி வந்தது. அதில் ஏற்றிக்கொண்டு விருத்தாசலம் வந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போதே மூச்சு இல்லை.

"பிரபா, எம் பொண்ணு, பன்னெண்டாவது படிக்குது. அன்னையிலேர்ந்து எங்கிட்டப் பேசறதில்ல. ஊருக்கெல்லாம் வண்டி ஓட்டுறியே, எங்கம்மாவுக்கு ஓட்டலியேன்னு கேட்டுச்சு. அதுதான் கடைசியாப் பேசினது. தெனம் ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணி வைங்கன்னு எவனோ ஒருத்தன் சொன்னான் பாய். நான்தான் கேக்கல."

டீயில் ஆடை படிந்துவிட்டது. வேறு வாங்கிவரச் சொல்லலாம் என்று நான் எழுந்து அந்தப் பக்கம் போனேன்.

கொளஞ்சியப்பன் வேனுக்குள் குனிந்திருந்தார். பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றி நடுவில் மீட்டரைச் சொருகியிருந்தார். சாவி அவர் சட்டைப் பையில். எல்லாவற்றையும் நிறுத்தியிருக்கும்போது மீட்டரில் ஏறக்குறைய ஒன்றுமே காட்டக் கூடாது. அது கிட்டத்தட்ட ஒரு ஆம்பியர் காட்டியது. அவர் வண்டியின் பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். மீட்டர் அசையவில்லை. ஆம்ப்புக்கென்று தனியாக இருந்த பியூஸைப் பிடுங்கியதும் படாரென்று சைபருக்கு வந்தது. பின்சீட்டைத் தூக்கி ஆம்ப் மேல் கையை வைத்தார்.

"சுடுது பாய்" என்றார்.

சாவி எடுத்தபிறகு ஆம்ப் தூங்கிவிட வேண்டும். அதற்காகவே ஒரு மெல்லிய ஒயர் முன்னால் போகும். சாவி போட்டால் அதில் கரண்டு வரும், ஆம்ப் விழிக்கும். சாவி எடுத்தால் அதுவும் நிற்கும். கொளஞ்சியப்பன் அந்த ஒயரைக் கையால் தடவிக்கொண்டே டாஷ்போர்டுக்கு அடியில் போனார். சிகரெட் லைட்டருக்குப் போகும் ஒயரில் அதைச் சேர்த்து டேப்பு சுற்றியிருந்தது. அந்த லைட்டர் ஒயரில், பழைய ஓனர் யாரோ செய்துவைத்த வேலையால், சாவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கரண்டு இருந்தது.

அவர் டேப்பைப் பிரிக்கவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். டேப்பு சுற்றும்போது கடைசி முனையைச் சின்னதாக மடித்துவிடுவது அவர் பழக்கம். அடுத்து பிரிப்பவனுக்கு நகத்தால் சுரண்டும் வேலை இருக்காது. இதிலும் முனை மடித்திருந்தது.

"ஆனி கடைசி முகூர்த்தம் பாய்" என்றார், என்னைப் பார்க்காமல். "பாட்டு வரலன்னு வந்தாரு. இந்த ஒயரு அறுந்திருந்துச்சு. பக்கத்துல இதுல கரண்டு இருந்துச்சு, சேத்தேன். பாட்டு வந்துச்சு. மூடிட்டேன். சாவி ஆன்ல இருந்துச்சு. சாவிய எடுத்துட்டு ஒரு தடவ டெஸ்ட் லைட்டு வச்சுப் பாக்கணும். பாக்கல."

ராஜாங்கம் சொன்னதை அவர் கேட்டிருப்பார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் சுவருக்கு மேலே மறைப்பு இல்லையே.

அதற்குப் பிறகு ஆனி முடிகிற வரைக்கும் வேன் தினமும் ஓடியது. ராத்திரி குடித்த கரண்டைப் பகலில் இன்ஜின் ஏற்றிவிட்டது. ஆடியில் நின்றது, இரண்டே நாளில் பேட்டரி வறண்டுபோனது.

கொளஞ்சியப்பன் அந்த இணைப்பைப் பிரித்து, சரியான இடத்தில் சேர்த்து, சாவியைப் போட்டும் எடுத்தும் ஏழெட்டு முறை மீட்டரைப் பார்த்தார். ராஜாங்கம் எழுந்து வந்தார்.

"என்ன கோளாறுங்க?"

"ஒரு ஒயரு தப்பா சேந்திருந்துச்சு. எடுத்துட்டேன். இனிமே எறங்காது."

"முன்னாடியே உங்ககிட்ட வந்து காட்டியிருக்கணும். நான் ஒரு முட்டாப்பய" என்றார் ராஜாங்கம். அவர் நீட்டிய காசைக் கொளஞ்சியப்பன் வாங்கவில்லை. துக்கத்துக்காக வாங்காமல் விடுகிறார் என்று நினைத்து ராஜாங்கம் கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடுதான் கொளஞ்சியை உடைத்தது என்று நினைக்கிறேன். கடைக்குள் போய் ஸ்பீக்கர்ப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்தவர், நான் ஷட்டர் இறக்கும் வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

நான் அவருக்குச் சொன்ன புத்தி இதுதான்: "சொல்லாத. நீ சொன்னா அந்த அம்மா எழுந்து வரப்போறதில்ல. பாம்புக்கடி, வேன்ல போயிருந்தாலும் எப்படி ஆயிருக்குமோ. புள்ளைங்க இருக்குது உனக்கு." அப்படித்தான் சொன்னேன். இன்றைக்கும் அதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

அவர் வேலை பார்த்தார், ஆனால் வேறு ஆளாகிவிட்டார். முடித்த வண்டியைத் திரும்பத் திரும்பப் பிரிப்பார். கஸ்டமர்கள் சலித்துக்கொண்டு போனார்கள். இரண்டு வாரம் கழித்து இளமதி வேலை முடிந்து வருகிற வழியில் என் கடைக்கு வந்தது. முந்தானையெல்லாம் வெள்ளைத் தூசி.

"அண்ணே, அவரு சாப்புடறதில்ல. கேட்டா ஒண்ணுமில்லங்கறாரு. உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். சொல்லுங்க."

சொன்னேன். அது நின்றுகொண்டே கேட்டது. அழவில்லை.

"அந்தாளு தம்மேலதான் தப்புன்னு நெனச்சுக்கிட்டுத் திரியறாரா?"

"ஆமா."

"அந்தப் பொண்ணும் அப்பங்கிட்டப் பேசறதில்லையா?"

"ஆமாம்மா."

"அப்ப இவரு போய்ச் சொல்லத்தான் வேணும். வந்து அடிச்சாலும் அடிக்கட்டும்" என்றது. பிறகு, "நீங்க கூடப் போங்கண்ணே. தனியா அனுப்ப எனக்கு பயமா இருக்குது" என்றது.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பைக்கில் போனோம். வழி நெடுக மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு நின்றது. கொளஞ்சியப்பன் பின்னால் உட்கார்ந்திருந்தார். நல்லூர் தாண்டியதும், "கொஞ்சம் நிறுத்துங்க பாய்" என்றார். இறங்கி வரப்போரம் வாந்தி எடுத்தார். வாய் கொப்பளித்துவிட்டு ஏறிக்கொண்டார்.

ராஜாங்கம் எங்களைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். துக்கம் விசாரிக்க வந்திருக்கிறோம் என்று நினைத்தார். வேப்பமரத்தடியில் கயிற்றுக்கட்டிலைப் போட்டார். வீட்டுக்குள் பார்த்து யாரையும் கூப்பிடவில்லை. சுவரைப் பார்த்து, "ரெண்டு பேரு வந்திருக்காங்க" என்று பொதுவாகச் சொன்னார். கொஞ்சம் பொறுத்து அந்தப் பெண் இரண்டு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து எங்களுக்குக் கொடுத்துவிட்டு, அப்பாவைத் தாண்டி உள்ளே போனது. அவர் ஒதுங்கி வழிவிட்டார்.

கொளஞ்சியப்பன் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். ஆனி மாதம் வந்தது, ஒயர் அறுந்திருந்தது, எதில் சேர்த்தார், எதைப் பார்க்காமல் விட்டார் என்று எதையும் பூசி மெழுகாமல் சொன்னார். "பேட்டரி எறங்குனது உங்களால இல்லைங்க. என்னால. கடைக்கு வந்தப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அன்னைக்கு சொல்ல வாய் வரல."

ராஜாங்கம் கட்டிலில் உட்கார்ந்து அதன் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். மரத்தில் காக்கை கத்தியது.

"அதப் பாக்கறதுக்கு எவ்வளவு நேரம் ஆவுங்க?" என்றார் கடைசியில்.

"அரை நிமிஷம்."

"அரை நிமிஷம்" என்றார் அவரும். பிறகு தலையைத் திருப்பி, "பிரபா" என்றார். அந்தப் பெயரை அவர் கூப்பிட்டு மாதக்கணக்காகியிருக்க வேண்டும். இரண்டாம் முறை கூப்பிட்டதும் அது நிலைப்படியில் வந்து நின்றது.

"இவரு ஒண்ணு சொல்றாரு. கேளு."

முதல் தடவை சொன்னதைவிட இரண்டாம் தடவை சொன்னது கஷ்டம். பதினேழு வயசுப் பிள்ளை, அதற்கு ஆம்ப் தெரியாது, ஒயர் தெரியாது. அதற்குப் புரிகிற மாதிரி அவர் சொல்ல வேண்டியிருந்தது. சாவி எடுத்த பிறகும் பாட்டுப் பெட்டி முழித்துக்கொண்டே இருந்தது, அதுதான் பேட்டரியைக் குடித்துவிட்டது, அதை முழிக்கவைத்தவன் நான் என்று சொன்னார். அது கேட்டுக்கொண்டே இருந்தது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"ஏன் பாக்கல?"

"அவசரம்மா."

"யாருக்கு அவசரம்?"

"எனக்குத்தான்" என்றார் கொளஞ்சியப்பன்.

ராஜாங்கம் சட்டென்று நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பார்வை எனக்குப் புரியவில்லை. திரும்பி வரும்போது கேட்டேன். அன்றைக்குக் கல்யாணப் பார்ட்டி மண்டபத்தில் காத்திருக்கிறது, சீக்கிரம் சீக்கிரம் என்று வண்டிக்குப் பக்கத்தில் நின்று அவசரப்படுத்தியது ராஜாங்கம்தானாம். "அத எதுக்கு அந்தப் புள்ளைக்கு சொல்லணும் பாய்" என்றார்.

பிரபா எங்கள் பக்கத்திலிருந்த டம்ளர்களை எடுத்தது. என்னுடையது காலி. அவருடையதில் தண்ணீர் அப்படியே இருந்தது. அதை மண்ணில் கொட்டியது.

"போயிடுங்க. இனிமே எங்க வூட்டுப் பக்கம் வராதீங்க."

கோபமாகக் கத்தவில்லை. பெரிய மனுஷி மாதிரி சொன்னது. நாங்கள் கிளம்பினோம். ராஜாங்கம் எழுந்திருக்கவில்லை. நான் பைக்கைத் திருப்பும்போது பார்த்தேன். அந்தப் பெண் நிலைப்படியில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதது. ராஜாங்கம் கட்டிலை விட்டு இறங்கி அதற்குப் பக்கத்தில், கொஞ்சம் தள்ளி, தரையில் உட்கார்ந்தார். அது எழுந்து உள்ளே போய்விடவில்லை. அவ்வளவுதான் நான் பார்த்தது.

அடுத்த வாரம் அந்த ஊரிலிருந்து நாலு பேர் கடைக்கு வந்தார்கள், தங்கம்மாளின் அண்ணன் தம்பிகள். ரோடு முழுக்கக் கேட்கிற மாதிரி திட்டினார்கள். ஒருவன் சட்டையைப் பிடித்து உலுக்கினான். கொளஞ்சியப்பன் கையை உயர்த்தவில்லை. நான் குறுக்கே போனேன், "வுடுங்க பாய், அவங்க பேசட்டும்" என்றார். செய்தி ஊரில் பரவிவிட்டது. பாதிப் பேர் வருவதை நிறுத்தினார்கள். வந்தவர்களையும் அவர் சீக்கிரம் விடமாட்டார். வேலை முடிந்ததும் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டு, மீட்டரைச் சொருகி ஒரு மணி நேரம் அதன் முன்னால் உட்கார்ந்திருப்பார். திட்டிக்கொண்டே காத்திருப்பார்கள். வருமானம் குறைந்தபோது இளமதி கூடுதலாக ஒரு ஷிஃப்ட்டு பார்த்தது. அதைப்பற்றி அது ஒருநாளும் வாய் திறந்து குறைப்பட்டதில்லை.

அவர் தூக்கம் மட்டும் திரும்பவில்லை. மதியம் கடையில் கண் அசந்தால், ஏதோ வண்டி செல்ஃப் எடுக்காமல் இழுக்கிற சத்தம் ரோட்டில் கேட்டாலே எழுந்து வாசலுக்குப் போய்விடுவார்.

நாலு வருஷம் கழித்து, இரண்டாயிரத்து ஒன்பதில், ராஜாங்கம் என் கடைக்கு வந்தார். வேன் இல்லை, அதை விற்றுவிட்டாராம். டிராக்டருக்குப் பேட்டரி வேண்டுமென்று டிராக்டரிலேயே வந்திருந்தார். அவர் இறங்குவதைப் பார்த்ததும் கொளஞ்சியப்பன் தன் கடைக்குள் போய்விட்டார். ராஜாங்கம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பேட்டரியைத் தூக்கி வைத்துக் கட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அவரு எப்பிடி இருக்காரு?"

"இருக்காருங்க."

"ம்" என்றார். "பிரபாவுக்குப் போன வைகாசியில கல்யாணம் முடிஞ்சுது பாய். ஸ்ரீமுஷ்ணத்துல குடுத்திருக்குது. தெனம் போன் பண்ணும்." அதைச் சொல்லிவிட்டுக் காசை எண்ணிக் கொடுத்தார். போய்விட்டார்.

கொளஞ்சியப்பன் கொஞ்ச நேரம் பொறுத்து வெளியே வந்தார். சுவருக்கு மேலே எல்லாம் கேட்டிருக்கும். ஆனாலும் நான் முழுவதையும் ஒரு தடவை சொன்னேன். தெனம் போன் பண்ணுதாம் என்பதை இரண்டு முறை சொன்னேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்த வூட்டுல இப்ப அவரு மட்டுந்தானா பாய்?" என்றார்.

"ஆமா" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். டீக்காரர் கொண்டுவந்த டீயை வாங்கி எனக்குக் கொடுத்தார். தனக்கு வேண்டாம் என்றார்.